'இல்லை' என்ற பிறகும் மிஞ்சுவது: முன்னனுமான வகைகளைப் பிரித்தறிதல்

"குமார் சிகரெட்டை நிறுத்திவிட்டான்." இதை மறுத்துப் பாருங்கள்: "குமார் சிகரெட்டை நிறுத்தவில்லை." கேள்வியாக்குங்கள்: "குமார் சிகரெட்டை நிறுத்திவிட்டானா?" நிபந்தனைக்குள் வையுங்கள்: "குமார் சிகரெட்டை நிறுத்திவிட்டால் அவன் மனைவிக்கு நிம்மதி." நிறுத்தினானா இல்லையா என்பது ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாகிறது. ஆனால் குமாருக்கு சிகரெட் பழக்கம் இருந்தது என்ற சேதி நான்கிலும் அசையாமல் இருக்கிறது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. போதாக்குறைக்கு, கடைசி வாக்கியம் குமாருக்கு மனைவி உண்டு என்பதையும் சந்தடியில்லாமல் உள்ளே கொண்டுவந்துவிட்டது.

சொல்லும் வாக்கியமும் பொருள் தருவதை ஆராயும் பொருண்மையியலில் இதை முன்னனுமானம் என்கிறார்கள். சொல்கிறவர் இதை ஏற்கெனவே ஒத்துக்கொண்ட விஷயமாக வைத்துக்கொண்டு, அதற்கு மேல் புதிதாக ஒன்றைச் சொல்கிறார். இதை அடையாளம் காண நாம் இப்போது செய்ததே முதல் சோதனை: மறுத்தாலும், கேட்டாலும், 'ஆல்' போட்டாலும் மிஞ்சுவது எது என்று பார்ப்பது.

இந்தச் சோதனை முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்கிறது. "குமார் கண்ணாடியை உடைத்தான்" என்றால் கண்ணாடி உடைந்தது என்பதும் கூடவே வருகிறது. ஆனால் "குமார் கண்ணாடியை உடைக்கவில்லை" என்றதும் அது போய்விடுகிறது. இது வாக்கியத்திலிருந்து தர்க்கரீதியாகப் பிறக்கும் விளைவுதான், முன்னனுமானம் இல்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் புதிதாகப் படிப்பவர்கள் அதிகம் சறுக்கும் இடம்.

இன்னொரு சோதனை பேச்சு வழக்கிலேயே கிடைக்கிறது. எதிரில் இருப்பவர் "ஒரு நிமிஷம்! குமாருக்கு சிகரெட் பழக்கம் இருந்ததா? எனக்குத் தெரியவே தெரியாதே" என்று குறுக்கிட்டால் அது இயல்பாக இருக்கிறது. "ஒரு நிமிஷம்! அவன் நிறுத்திவிட்டானா? எனக்குத் தெரியவே தெரியாதே" என்றால் ஒட்டவில்லை. அந்தச் சேதியைச் சொல்லத்தானே அந்த வாக்கியமே! மொழியியலாளர் கை ஃபான் ஃபின்டல் 2004இல் இந்தச் சோதனையைப் பரவலாக்கினார். மறுப்புச் சோதனை தடுமாறும் இடங்களில் இது கைகொடுக்கும்.

விஷயம் முதலில் பெயர்களை வைத்துத்தான் கிளம்பியது. 1892இல் தத்துவவாதி கோட்லோப் ஃபிரெகே "கெப்ளர் துயரத்தில் இறந்தார்" என்ற வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, 'கெப்ளர்' என்ற பெயருக்கு உரியவர் ஒருவர் உண்டு என்பது அந்த வாக்கியம் சொல்லும் பொருளின் பகுதி இல்லை என்றார். பகுதியாக இருந்தால், அதன் மறுப்பு "கெப்ளர் துயரத்தில் இறக்கவில்லை, அல்லது அப்படி ஒருவர் இல்லை" என்று இருந்திருக்க வேண்டும். அப்படி யாரும் மறுப்பதில்லை. 1905இல் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் இதை ஏற்கவில்லை. "பிரான்ஸின் இன்றைய அரசர் வழுக்கைத் தலையர்" என்ற வாக்கியத்தில் 'அரசர் ஒருவர் இருக்கிறார்' என்பதும் சொல்லப்படும் செய்திதான், பிரான்ஸ் குடியரசாகிவிட்டதால் வாக்கியம் வெறும் பொய் என்றார் அவர். 1950இல் பீட்டர் ஸ்ட்ராசன், அது பொய்யும் இல்லை மெய்யும் இல்லை, அந்தக் கேள்வியே அங்கே எழவில்லை என்று பதில் சொன்னார். "முயற்கொம்பு கூர்மையானது" என்று யாராவது சொன்னால் உங்களுக்கு முதலில் "பொய்" என்று தோன்றுகிறதா, "என்ன பேசுகிறாய்?" என்று தோன்றுகிறதா? முதல் பதில் ரஸ்ஸல் கட்சி, இரண்டாவது ஸ்ட்ராசன் கட்சி. நான் இரண்டாவது பக்கம்தான் சாய்கிறேன்.

பாடநூல்கள் வகைகளுக்கு ஒரு பட்டியல் தருகின்றன. ஜார்ஜ் யூல் 1996இல் எழுதிய அறிமுக நூலில் ஆறு வகைகள் உண்டு: இருப்பு சார்ந்தது, உண்மை சார்ந்தது, சொல் சார்ந்தது, அமைப்பு சார்ந்தது, உண்மை அல்லாதது, எதிர்மெய் சார்ந்தது. தேர்வுகளில் கேட்கப்படுவது பெரும்பாலும் இந்த ஆறுதான். மனப்பாடத்துக்கு வசதியான பட்டியல். ஆனால் அது வகைப்படுத்துவது பெரும்பாலும் எந்தச் சொல் அல்லது எந்த அமைப்பு முன்னனுமானத்தைத் தூண்டுகிறது என்பதை. தூண்டப்பட்டது வாக்கியத்துக்குள் எப்படி நடந்துகொள்கிறது என்பது வேறு கேள்வி. ஒரே பெட்டியில் கிடக்கும் இரண்டு, நடத்தையில் எதிரும் புதிருமாக இருப்பதுண்டு. பட்டியலை வைத்துக்கொண்டே அதைப் பார்க்கலாம்.

இருப்பு சார்ந்ததில் உடைமைத் தொடர்கள் எளிது: "குமாரின் தம்பி" என்றாலே குமாருக்குத் தம்பி உண்டு. ஆங்கிலத்தில் இந்த வகைக்கு முதல் எடுத்துக்காட்டாக 'the' என்ற சுட்டிடைச்சொல் வரும். தமிழில் அப்படி ஒன்று தனியாக இல்லை. 'அந்த' இருக்கிறது, ஆனால் அது எப்போதும் வருவதில்லை. அதன் வேலையில் பாதியை அஃறிணைப் பெயர்களில் இரண்டாம் வேற்றுமை உருபு பார்த்துக்கொள்கிறது. "ரேவதி பேனா தேடினாள்" என்றால் எழுத ஏதாவது ஒன்று கிடைத்தால் போதும். "ரேவதி பேனாவைத் தேடினாள்" என்றால் குறிப்பிட்ட ஒரு பேனா இருக்கிறது, கேட்பவருக்கும் அது தெரியும் என்ற தொனி வந்துவிடுகிறது. "பேனாவைத் தேடவில்லை" என்று மறுத்தாலும் அந்தப் பேனா இருந்த இடத்தில் இருக்கிறது. உயர்திணைப் பெயர்களுக்கு உருபு பெரும்பாலும் வேண்டும் என்பதால் அங்கே இந்த வேறுபாட்டை எளிதில் தேட முடியாது.

உண்மை சார்ந்த வகைதான் என் பார்வையில் மிகவும் சுவையானது. 'தெரியும்', 'வருந்தினான்', 'மறந்துவிட்டான்', 'உணர்ந்தாள்' போன்ற வினைகள் தமக்கு உள்ளே வரும் செய்தியை உண்மை என்று எடுத்துக்கொள்கின்றன. 'நினைக்கிறான்', 'நம்புகிறான்', 'சொன்னான்' ஆகியவை அப்படி எடுத்துக்கொள்வதில்லை. பால் கிபார்ஸ்கியும் கேரல் கிபார்ஸ்கியும் 1970இல் இதை விரிவாக எழுதினார்கள். அவர்கள் காட்டியது வினைகளின் பட்டியல் மட்டுமில்லை. உண்மை சார்ந்த வினைகளும் சாராத வினைகளும் வெவ்வேறு வடிவத் துணைவாக்கியங்களை எடுக்கின்றன, அதாவது இலக்கண அமைப்பிலேயே பொருளின் தடம் இருக்கிறது என்பதுதான் அவர்கள் வாதம்.

தமிழில் அந்தத் தடம் பளிச்சென்று தெரிகிறது. 'வா' என்ற ஒரே வினையையும், அதைத் தாங்கும் 'தெரி' என்ற ஒரே வினையையும் வைத்துக்கொள்வோம். "அவன் வந்தது எனக்குத் தெரியாது." வந்தான், அதில் சந்தேகமில்லை, எனக்குத்தான் சேதி வரவில்லை. "அவன் வந்தானா என்று எனக்குத் தெரியாது." வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். "அவன் வந்ததாகத் தெரிகிறது." வந்தான் என்று கேள்வி, நான் பொறுப்பில்லை. 'வந்தது' என்பதோடு ஓர் 'ஆக' சேர்ந்ததும் உண்மைக்கான உத்தரவாதம் கழன்று விழுந்துவிடுகிறது. செய்தி எழுதுகிறவர்கள் '-தாகக் கூறப்படுகிறது' என்று முடிப்பது இதற்காகத்தான். அந்த 'ஆக' அவர்களுக்கு ஒரு சட்டப் பாதுகாப்பு.

அதற்காக 'அது' என்று முடிவதெல்லாம் உண்மை என்று விதி எழுதிவிடவும் முடியாது. "அவன் வந்தது உண்மையா?" என்று கேட்கும்போது வந்ததை யாரும் முன்கூட்டி ஒத்துக்கொள்ளவில்லை, கேள்வியே அதைப் பற்றித்தான். ஆக, 'வந்தது' போன்ற பெயராக்க வடிவமும் அதைத் தாங்கும் பயனிலையும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

சொல் சார்ந்த வகையைச் சீக்கிரம் கடந்துவிடலாம். 'நிறுத்து', 'ஆரம்பி', 'தொடர்' ஆகியவை முந்தைய நிலையைக் கொண்டுவரும். 'எப்படியோ' மாதிரி சொற்களும் உண்டு: "எப்படியோ பாஸ் பண்ணிவிட்டான்" என்பதில் அவன் பாஸாவது கஷ்டம் என்ற கணிப்பு ஒளிந்திருக்கிறது. 'மறுபடியும்' என்பது பார்க்க இதே ரகம்தான். ஆனால் அதற்குக் குணம் வேறு, பிறகு அதற்கு வருகிறேன்.

அமைப்பு சார்ந்ததற்கு நல்ல சான்று, பயனிலையைப் பெயராக்கி முன்னால் போடும் வாக்கியங்கள். "குமார் கண்ணாடியை உடைக்கவில்லை" என்று ஒருவர் சொல்கிறார். கண்ணாடி முழுசாகக்கூட இருக்கலாம். "கண்ணாடியை உடைத்தது குமார் இல்லை" என்று சொன்னால்? கண்ணாடி உடைந்தே விட்டது, உடைத்த ஆள் யார் என்பதுதான் பாக்கி. சொற்கள் ஏறக்குறைய அதேதான், மறுக்கப்படுவதும் குமாரின் பங்குதான், ஆனால் இரண்டாவதில் உடைப்பு நடந்த விஷயமாகிவிட்டது. குறுக்கு விசாரணையில் "பணத்தை எடுத்தது நீங்கள் இல்லையா?" என்று கேட்டால், "நான் இல்லை" என்று சொல்பவர் பணம் எடுக்கப்பட்டதை ஒத்துக்கொண்டு நிற்கிறார். தப்பிக்க ஒரே வழி கேள்வியை விட்டு வெளியே வந்து, "யாரும் பணம் எடுக்கவே இல்லையே" என்று அடித்தளத்தையே மறுப்பதுதான்.

அந்த மாதிரி மறுப்பு எப்போதுமே தனி ரகம். "நிறுத்துவதாவது! அவன் சிகரெட்டைத் தொட்டதே கிடையாது" என்று சொல்லும்போது முன்னனுமானமும் சேர்ந்து மறுக்கப்படுகிறது. மறுப்புச் சோதனை பொய்த்துவிட்டதாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. இங்கே மறுக்கப்படுவது வாக்கியம் சொன்ன செய்தி இல்லை, அப்படி ஒரு வாக்கியத்தைச் சொன்னதே. 'ஆவது' என்ற அந்த இழுப்பு அதைக் காட்டிக்கொடுக்கிறது.

காலத் துணைவாக்கியங்களும் அமைப்பு வகையில்தான் வரும். "குண்டு வெடிப்பதற்கு முன் எல்லோரும் வெளியேறினார்கள்" என்றால் குண்டு வெடித்தது என்று எடுத்துக்கொள்கிறோம். "குண்டு வெடிப்பதற்கு முன் அதைச் செயலிழக்கச் செய்தார்கள்" என்றால் அதே 'முன்', ஆனால் வெடிக்கவில்லை. நாம் உலகத்தைப் பற்றி அறிந்தது முன்னனுமானத்தை ஊதித் தள்ளிவிட்டது. அமைப்பு ஒன்றே போதும் என்று சொல்பவர்களுக்கு இந்த ஜோடி ஒரு தலைவலி.

கடைசி இரண்டு பெட்டிகளில் எனக்கு நம்பிக்கை குறைவு. உண்மை அல்லாதது என்பதற்கு "தூங்குவதுபோல் நடித்தான்" மாதிரி வாக்கியங்களைச் சொல்வார்கள்: அவன் தூங்கவில்லை என்பது முன்னனுமானமாம். சரி, மறுத்துப் பார்ப்போம். "அவன் தூங்குவதுபோல் நடிக்கவில்லை, நிஜமாகவே தூங்கிவிட்டான்." எந்த இடறலும் இல்லாமல் போகிறது வாக்கியம். முதல் சோதனையிலேயே தேறாத ஒன்றுக்குப் பட்டியலில் தனி இடம் எதற்கு என்று புரியவில்லை. எதிர்மெய் வகை கொஞ்சம் தேவலை. "நீ சொல்லியிருந்தால் வந்திருப்பேன்" என்பதில் நீ சொல்லவில்லை என்பது அடங்கியிருக்கிறது, "நீ சொல்லியிருந்தாலும் வந்திருக்க மாட்டேன்" என்று திருப்பினாலும் அது நிற்கிறது. ஆனால் 1951இல் ஆலன் ராஸ் ஆண்டர்சன் காட்டிய சிக்கல் ஒன்று இருக்கிறது. நோயாளியைச் சோதிக்கும் மருத்துவர், "இவர் ஆர்செனிக் சாப்பிட்டிருந்தால் இப்போது தெரிகிற இதே அறிகுறிகள்தான் தெரிந்திருக்கும்" என்கிறார். அவர் சாப்பிடவில்லை என்பதற்காக அல்ல, சாப்பிட்டிருப்பார் என்பதற்குத்தான் இதைச் சொல்கிறார்! சாப்பிடவில்லை என்பது வடிவத்திலேயே பதிந்திருந்தால் இந்த வாக்கியம் தனக்குத்தானே முரண்பட்டிருக்க வேண்டும்.

இனி இரண்டே எழுத்தில் முடிந்துவிடும் தூண்டி: 'உம்'. "ரேவதியும் வந்தாள்" என்றால் வேறு யாரோ வந்திருக்க வேண்டும். "ரேவதியும் வந்தாளா?" என்று கேட்டாலும் அந்த வேறு ஆள் போகமாட்டார். நம் இலக்கணத்துக்கு இது புதிய கண்டுபிடிப்பே இல்லை. தொல்காப்பியத்தின் இடையியல் உம்மைக்கு எட்டுப் பொருள் சொல்லி, அதில் முதலாவதாக எச்சத்தை வைக்கிறது. "சாத்தனும் வந்தான்" என்றால் சொல்லாமல் எஞ்சி நிற்கும் இன்னொருவனை உம்மை தழுவிக்கொள்கிறது. அது நடந்து முடிந்ததைத் தழுவினால் இறந்தது தழுவிய எச்சவும்மை, இனி வருவதைத் தழுவினால் எதிரது தழுவியது. எல்லாம் அடங்கிவிட்டது என்று காட்டும் முற்றும்மையும் இந்தக் கணக்கில்தான் வரும். அதே நூலின் கிளவியாக்கத்தில், இத்தனை என்று எண்ணிக்கை அறிந்த பொருளுக்கு வினையோடு சேரும்போது உம்மை வேண்டும் என்று ஒரு விதி உண்டு. "கண் இரண்டும் நொந்தன" என்றால், இருப்பதே இரண்டுதான் என்பது பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் முன்பே தெரியும். மறுப்புச் சோதனை மாதிரி கருவி அங்கே கிடையாது, இரண்டும் ஒன்று என்று பெருமை பேசவும் தேவையில்லை. ஆனால் 'சொல்லாத ஒன்றைச் சொல் தழுவுகிறது' என்ற கவனிப்பு ஒன்றேதான்.

இந்த 'உம்' பற்றி சால் கிரிப்கி 1990இல் ஓர் உரையில் ஒரு கேள்வி எழுப்பினார். உரை 2009இல்தான் அச்சில் வந்தது. "இன்றிரவு சாமும் நியூயார்க்கில் சாப்பிடுகிறார்" என்று திடுதிப்பென்று ஒருவர் சொல்கிறார். வேறு யாரோ நியூயார்க்கில் சாப்பிடுகிறார்கள் என்பதுதான் முன்னனுமானம் என்றால் அது எப்போதோ நிறைவேறிவிட்டது, தினமும் லட்சக்கணக்கான பேர் அங்கே சாப்பிடுகிறார்கள். ஆனாலும் கேட்பவர் விழிக்கிறார்: "வேறு யார்?" ஆகவே 'உம்' கேட்பது யாரோ ஒருவரை அல்ல, பேச்சில் ஏற்கெனவே அடிபட்ட ஒருவரை. 'அவன்' என்றால் யார் என்று தேடுகிற மாதிரி 'உம்' வந்தாலும் பின்னோக்கித் தேட வேண்டியிருக்கிறது. 'மறுபடியும்' இதே குணம் கொண்டது.

தூண்டிகளை மென்மையானவை, கெட்டியானவை என்று டோரிட் அபுஷ் 2002இல் பிரித்தது இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. பேசுகிறவர் தனக்கு விவரம் தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டால் என்ன ஆகிறது? "அவர் சிகரெட் பிடிப்பவரா என்று தெரியாது. ஆனால் எப்போது பார்த்தாலும் சூயிங்கம் மெல்லுகிறார். ஒருவேளை சமீபத்தில் சிகரெட்டை நிறுத்தியிருப்பாரோ?" இதில் பழுதில்லை. 'நிறுத்து' கொண்டுவர வேண்டிய முன்னனுமானம் பேசாமல் விலகிக்கொண்டது. "அவர் முன்பு இங்கே வந்திருக்கிறாரா என்று தெரியாது. ஒருவேளை மறுபடியும் வந்திருப்பாரோ?" இது காதில் உறுத்துகிறது. யூலின் பட்டியலில் 'நிறுத்து', 'மறுபடியும்' இரண்டும் சொல் சார்ந்தவை என்ற ஒரே பெட்டியில் இருக்கின்றன. நடத்தையில் பார்த்தால் 'நிறுத்து' மென்மையான பக்கம், 'மறுபடியும்', 'உம்' கெட்டியான பக்கம். எந்தப் பிரிவு மொழியைப் பற்றி அதிகம் சொல்கிறது என்று கேட்டால், என் வாக்கு இரண்டாவதற்குத்தான்.

வாக்கியம் பெரிதாகும்போது முன்னனுமானங்கள் என்ன ஆகின்றன என்பதற்கு லௌரி கார்ட்டுனன் 1973இல் மூன்று உருவகங்கள் தந்தார்: ஓட்டை, அடைப்பு, வடிகட்டி. மறுப்பும் 'தெரியும்' போன்ற வினைகளும் ஓட்டைகள், எல்லாம் வெளியே வந்துவிடும். 'சொன்னான்' அடைப்பு: "குமாரின் தம்பி வந்ததாக ரேவதி சொன்னாள்" என்று சொல்பவர், அப்படித் தம்பியே இல்லை என்று அடுத்த மூச்சில் சொல்லலாம். 'ஆல்' வடிகட்டி: "குமாருக்குத் தம்பி இருந்தால், குமாரின் தம்பியும் உயரமாகத்தான் இருப்பான்" என்பதில் தம்பி உண்டு என்ற முன்னனுமானத்தை முதல் பாதியே பிடித்துவைத்துக்கொண்டது. இதைத் தனித்தனி விதியாக எழுதாமல், வாக்கியம் இடமிருந்து வலமாக ஓடும்போது ஒவ்வொரு பகுதியும் அடுத்ததற்குச் சூழலாகிறது என்ற ஒரே கொள்கையிலிருந்து பெற முடியும் என்று ஐரீன் ஹைம் 1983இல் காட்டினார்.

முன்னனுமானம் ஏற்கெனவே இருவருக்கும் தெரிந்ததாகத்தான் இருக்க வேண்டுமா? ராபர்ட் ஸ்டால்நேக்கர் 1970களில் அதைப் பேசுகிறவர்கள் நடுவில் உள்ள பொதுப்புரிதலோடு கட்டினார். ஆனால் "மன்னிக்கணும், தங்கையை ரயிலேற்றிவிட்டு வரத் தாமதமாகிவிட்டது" என்று புது ஆள் சொன்னால் "உங்களுக்குத் தங்கை உண்டா?" என்று யாரும் மறிப்பதில்லை. இருக்கும் என்று சத்தமில்லாமல் சேர்த்துக்கொள்கிறோம். டேவிட் லூயிஸ் 1979இல் இந்த இடங்கொடுத்தலை விளக்கினார். 'உம்' இந்தச் சலுகையை அவ்வளவு எளிதில் பெறுவதில்லை என்பதுதான் கிரிப்கி சொன்னதன் மறுபக்கம்.

இடங்கொடுத்தல் நினைவு வரைக்கும் போகும். உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் 1975இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், காரோட்டக் காட்சியைப் பார்த்தவர்களில் ஒரு குழுவிடம் "கிராமச் சாலையில் தானியக் கொட்டகையைத் தாண்டியபோது அந்த வெள்ளைக் கார் என்ன வேகத்தில் போனது?" என்று கேட்டார்கள். காட்சியில் கொட்டகையே கிடையாது. ஒரு வாரம் கழித்து "கொட்டகையைப் பார்த்தீர்களா?" என்று கேட்டபோது இந்தக் குழுவில் 17 சதவீதத்துக்கு மேல் ஆமாம் என்றார்கள். கொட்டகையைக் குறிப்பிடாத கேள்வி கேட்கப்பட்ட குழுவில் அது 3 சதவீதத்துக்கும் கீழே. கொட்டகை இருந்தது என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு காலத் துணைவாக்கியமும் ஒரு வரையறுத்த பெயரும்தான் அந்த வேலையைச் செய்தன.

கடைசியாக எல்லாம் கலந்த ஒரு வாக்கியம்: "பெட்டியை மறுபடியும் திறந்தது ரேவதிதான் என்பது குமாருக்குத் தெரியாது." 'பெட்டியை' என்பதால் குறிப்பிட்ட பெட்டி உண்டு. 'மறுபடியும்' என்பதால் அது முன்பு ஒரு தடவை திறக்கப்பட்டது. 'திறந்தது' என்ற அமைப்பால் இப்போது யாரோ திறந்திருக்கிறார்கள். 'தெரியாது' உண்மை சார்ந்த வினை என்பதால் அது ரேவதிதான் என்பதும் உறுதி. இவ்வளவும் முன்கூட்டி ஒத்துக்கொள்ளப்பட்டவை. வாக்கியம் புதிதாகச் சொல்வது குமாரின் அறியாமையை மட்டும்.

இப்போது முடிவை மாற்றி, "பெட்டியை மறுபடியும் திறந்தது ரேவதிதான் என்று குமார் நினைக்கிறான்" என்று எழுதுங்கள். ரேவதிதான் என்பதற்கு உத்தரவாதம் போய்விட்டது. ஆனால் பெட்டி முன்பு ஒரு தடவை திறக்கப்பட்டது குமாரின் நினைப்பா, உண்மையிலேயே நடந்ததா? கார்ட்டுனன் 1974இல் அது குமாரின் நம்பிக்கையைப் பற்றியதுதான் என்று வைத்தார். ஆனால் வாக்கியத்தைக் கேட்கும் பலரும் அது நிஜமாகவே நடந்ததாகவும் எடுத்துக்கொள்கிறார்கள். இந்த இரண்டாவது பதில் எங்கிருந்து வருகிறது என்பதை ஹைம் 1992இல் தனியாக எடுத்துப் பேச வேண்டியிருந்தது. 'நினை' எந்த அளவுக்கு ஓட்டை, எந்த அளவுக்கு அடைப்பு என்ற வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை.